இளம் ஆராய்ச்சியாளரும் அறிவுப் பகிர்வும்

கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்த காலத்தில் மருத்துவரும் செவிலியரும் ஆற்றிய பணி யாண்டும் போற்றப்பட்டது. தடுப்பூசி கண்ட பேரறிஞரும் போற்றப்பட்டனர். ஆயின், நிலையான பதவியும் நாடறிந்த பெயரும் இன்றி, ஈராண்டு மூவாண்டு உதவித்தொகையை நம்பி ஆய்வுக்கூடங்களில் உழைக்கும் இளைஞர் பலர், தாம் கண்டவற்றை அன்றன்றே உலகிற்குத் திறந்து வைத்தனர் என்பதும், அங்ஙனம் திறந்து வைத்தமையால் அவர்க்குக் கிடைத்த ஊதியம் மிகச் சிறிதே என்பதும் பலராலும் கருதப்படவில்லை. இதனைக் குறித்து எமக்குத் தோன்றிய சில கருத்துக்களை ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர்க்கு அறிவியற் கூடத்துச் செய்தியில் என்ன உரிமை என்று நண்பர் சிலர் வினவலாம். அத்தொற்றினால் பள்ளிப் பருவத்தில் ஓராண்டிற்கு மேல் வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர் நாம். அந்நாட்களில் காலையும் மாலையும் நாம் நோக்கிய நோய்க்கணக்கை எழுதியவர் யாவர் என்று அறிய விரும்புவது அத்துணைப் பெரும் பிழையன்று.

அக்கணக்கிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், என்ஷெங் டோங் என்னும் சீன இளைஞர் முதலாண்டு ஆய்வு மாணவராக இருந்தார். தம் தாய்நாட்டில் ஒரு புதுநோய் பரவுஞ் செய்தி அவரை வருத்திக்கொண்டிருந்தது. நோயுற்றோர் தொகையை உலகப் படமொன்றின்மேல் எவரும் காணுமாறு அமைக்கலாமே என்று அவர்தம் பேராசிரியை லாரன் கார்ட்னர் அம்மையார் கூற, மாணவர் அதனை மிக விரைவில் அமைத்து முடித்தார். சனவரித் திங்கள் 22ஆம் நாள் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கருநிறப் படத்தின்மேல் செந்நிறப் புள்ளிகள் நாளுக்கு நாள் பெருகிய அக்காட்சி நம்முட் பலர்க்கு இன்னும் நினைவிலிருக்கும். படத்தைக் காட்டியதோடு அவர்கள் அமையவில்லை. அதன் அடியிலிருந்த எண்கள் அனைத்தையும் எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். தொடக்க நாட்களில் அவ்வெண்கள் மனிதர் கையால் திரட்டிச் சேர்க்கப்பட்டவை. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள்வரை அப்பணி நடைபெற்றது.

2022ஆம் ஆண்டில் இப்பணிக்காக லாஸ்கர் பொதுநலப் பரிசு கார்ட்னர் அம்மையார்க்கு வழங்கப்பெற்றது. அவர் அதற்கு முற்றுந் தக்கவரே. யாம் அவரைக் குறை கூறுகின்றோமல்லோம். பரிசளிப்போரும் பதவியளிப்போரும் வைத்திருக்கும் ஏட்டில் முதலாண்டு மாணவர்க்கென்று ஒரு பத்தி வரையப்படவில்லை என்பதே எம் கருத்து.

இனி, ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். கொரோனா வைரசின் மரபணு வரிசை ஏறத்தாழ 30,000 எழுத்துக்களை உடையது. நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவிவருங்கால் அவ்வரிசையில் இடையிடையே சிற்சில மாற்றங்கள் நேர்கின்றன. ஏடெழுதுவோர் செய்த பிழைகளைக் கொண்டு எச்சுவடி எதனைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டதென்று பதிப்பாசிரியர் துணிவதுபோலவே, இம்மாற்றங்களைக் கொண்டு எந்நாட்டு நோய் எவ்வழியில் வந்ததென்று ஆராய்ச்சியாளர் துணிவர். இது படித்தபோது, நம் தமிழ் வகுப்பறையும் அவர்தம் ஆய்வுக்கூடமும் அத்துணைத் தொலைவில் இல்லை என்று எமக்குத் தோன்றிற்று. அது நிற்க. இங்ஙனம் பிரிந்து பிரிந்து வளரும் கிளைகளுக்குப் பெயர் வேண்டுமன்றோ? ஒவ்வொரு நாட்டாரும் தாந்தாம் விரும்பியவாறு பெயரிட்டால் ஒருவர் கூறுவது மற்றவர்க்கு விளங்காது. எடின்பரோப் பல்கலைக்கழக அறிஞரும் அவர்தம் தோழரும் ஒரு பெயரிடு முறையை வகுத்தனர். ஒருவர் தம்மிடமுள்ள மரபணு வரிசையைக் கொடுத்தால் அஃது எக்கிளையைச் சேர்ந்ததென்று கூறும் கணினி நிரலொன்றையும் ஆக்கினர். அந்நிரலை ஆக்குவதில் முன்னின்றவர் ஆன்யா ஓடூல் என்னும் பெண்மணி. அக்காலத்தில் அவர் முனைவர்ப் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த மாணவி. நிரலின் பெயர் பாங்கோலின். நம் நாட்டில் அழுங்கு என வழங்கும் விலங்கின் ஆங்கிலப் பெயரே அது. 2020ஆம் ஆண்டிலேயே பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதனைக் கையாளத் தொடங்கிவிட்டன. அந்நிரலைப் பற்றிய கட்டுரை ஆராய்ச்சி இதழில் அச்சாகி வெளிவந்ததோ 2021 சூலைத் திங்களில்.

இவ்விடத்து ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கட்டுரை அச்சேறிய பின்னரே கருவியை வெளியிடுவேன் என்று அம்மாணவி காத்திருப்பாராயின், ஆராய்ச்சி உலகத்தின் பழைய வழக்கப்படி எவரும் அவரைப் பழித்திரார். தமக்குரிய பெயர் உறுதிப்படுமளவும் பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே அவ்வுலகில் அறிவுடைமை எனப்பட்டு வந்தது.

நியூயார்க் நகரத்தில் நிகழ்ந்த பிறிதொரு செய்தியையும் கூறுதல் தகும். 2020 மார்ச்சுத் திங்களில் அங்குள்ள மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடங்கள் பல மூடப்பட்டன. நோயெதிர்ப்பியல் பயின்ற மாணவரும், பட்டம் பெற்றுப் பயிற்சியிலிருந்த இளைஞரும் வேலையின்றி வீட்டிலிருந்தனர். அந்நாட்களில் கொரோனாவைப் பற்றிய கட்டுரைகள் வெள்ளம்போல் வந்துகொண்டிருந்தன. முதல் நோயாளி உறுதி செய்யப்பட்ட பத்துத் திங்களுக்குள் 1,25,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் வெளிவந்தனவென்றும், அவற்றுள் 30,000க்கு மேற்பட்டவை துறையறிஞர் மதிப்பீட்டிற்கு முன்னரே பொதுவில் வைக்கப்பட்ட முன்னச்சுக்கள் என்றும் பின்னர்க் கணக்கிட்டனர். இவ்வெள்ளத்தில் மருத்துவர் எதனை நம்புவது? நியூயார்க் இளைஞர் தம்முட் கூடி, நோயெதிர்ப்பியல் பற்றிய முன்னச்சுக்களைப் பங்கிட்டுக்கொண்டு படித்து, இன்னது வலியது, இன்னது மெலியது, இன்ன அளவு போதாது என்று மதிப்பீடெழுதி எவரும் படிக்குமாறு வெளியிட்டனர். ஆக்ஸ்போர்டு நகரத்து ஆய்வாளர் சிலரும் அவர்களோடு சேர்ந்தனர்.

இதிற் புதுமை யாது என்று வினவுவோர்க்கு ஒரு செய்தி கூறுவோம். ஆராய்ச்சி இதழ்கள் தமக்கு வரும் கட்டுரைகளை மதிப்பிடுமாறு பேராசிரியர்க்கு அனுப்புகின்றன. பேராசிரியருட் சிலர் அதனைத் தம் மாணவரிடம் தருகின்றனர். மாணவர் எழுதியது பேராசிரியர் பெயரால் செல்லுகின்றது. 2019ஆம் ஆண்டில் ஈலைப் என்னும் இதழில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, வினவப்பட்ட இளம் ஆய்வாளருள் ஏறத்தாழப் பாதிப் பேர் இங்ஙனம் தம் பெயர் தோன்றாமலே மதிப்பீடு எழுதியவர் என்று காட்டிற்று. ஆகவே, துறையறிஞர் மதிப்பீடு என்று நாம் பெருமதிப்போடு கூறுவதில் ஒரு பகுதி, தொற்றிற்கு முன்னரும் இளைஞர் உழைப்பே. நியூயார்க்கில் அவ்வுழைப்பு வெளிச்சத்திற்கு வந்தது, வேறொன்றும் நேர்ந்துவிடவில்லை.

திறந்து வைப்பதில் தீங்கில்லையோ என்று கேட்பின், உண்டு என்றே கூறுவோம். 2020 சனவரி 31ஆம் நாள், தில்லியிலுள்ள ஆய்வாளர் சிலர் இவ்வைரசின் சில பகுதிகள் எச்.ஐ.வி. வைரசின் பகுதிகளை ஒத்திருக்கின்றன என்று ஒரு முன்னச்சை வெளியிட்டனர். யாரோ செயற்கையாகச் செய்த வைரசு என்னும் வதந்திக்கு அது நெய் வார்த்தாற்போலாயிற்று. அச்செய்தி எத்தனை வீட்டுத் திண்ணைகளில் பேசப்பட்டதோ! ஆனால், உலகெங்குமுள்ள ஆய்வாளர் அதனைப் படித்து, அத்துணைச் சிறு ஒற்றுமை எத்தனையோ உயிர்களின் மரபணுக்களிற் காணப்படுவதே என்று அன்றே எழுதினர். இரண்டு மூன்று நாட்களுக்குள் எழுதியவரே அதனைத் திரும்பப் பெற்றனர். இதற்கு எதிரே மற்றொன்றை வைத்துப் பார்க்க. 2020 மே 22ஆம் நாள், உலகப் புகழ்பெற்ற லான்செட் என்னும் மருத்துவ இதழ் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றிய கட்டுரையொன்றை முறைப்படி மதிப்பீடு செய்வித்து வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் அதனை நம்பித் தன் மருந்துச் சோதனையின் ஒரு பகுதியையே நிறுத்தி வைத்தது. அக்கட்டுரைக்கு அடிப்படையான நோயாளர் குறிப்புக்களைக் காட்டுமாறு கேட்டபோது, வைத்திருந்த நிறுவனத்தார் காட்டவில்லை. சூன் 4ஆம் நாள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பீடு வேண்டுவதில்லை என்று யாம் சொல்லவில்லை. பூட்டிய பெட்டியை எத்துணைப் பேரறிஞர் மதிப்பிட்டாலும் உள்ளிருப்பது தெரியாது. திறந்த பெட்டியில் உள்ள பிழையை ஊரார் கண்டு சொல்வர். ஆகலின், பகிர்வினால் விளையும் தீங்கிற்கு மருந்து இன்னும் சற்று மிகுதியான பகிர்வே என்று யாம் கொள்ளுகின்றோம்.

அங்ஙனமாயின், இளைஞர் ஏன் தயங்குகின்றனர்? இங்கேதான் உண்மையான இடர் உள்ளது. ஆராய்ச்சி உலகில் ஒருவர்க்குப் பதவி கிடைப்பது பெரும்பாலும் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, எவ்விதழில் எழுதினார் என்பது. மற்றொன்று, கட்டுரையின் தலைப்பில் அவர் பெயர் எவ்விடத்து நிற்கின்றது என்பது. உயிரியல் மருத்துவத் துறைகளில் முதலில் நிற்கும் பெயர் உழைத்தவர்க்கு உரியது. இறுதியில் நிற்பது ஆய்வுக்கூடத் தலைவர்க்கு உரியது. இடையில் நிற்பனவற்றை எண்ணுவாரும் அரியர். பல நாட்டார் கூடிச் செய்யும் பணியில் நூறு பெயர் வருமாயின் தொண்ணூற்றெட்டும் இடைப்பெயர்களே. கூடி உழைக்க என்று இளைஞர்க்கு நாம் அறிவுரை கூறுகின்றோம். தேர்வுக் குழுவோ தனித்து நின்றவனையே தேடுகின்றது. எண் தொகுதியைத் திறந்து வைத்த மாணவி, அதனை எடுத்துக்கொண்டு பெரிய கூடத்தார் முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிட்டால், தன் உதவித்தொகை முடியும் நாளில் வெறுங்கையோடு நிற்பாள். இவ்வச்சம் பேராசையன்று, வயிற்றுப்பாடு.

நம் நாட்டில் அவ்வயிற்றுப்பாடு எவ்வளவினது? தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளர்க்கு மாத உதவித்தொகை 2023ஆம் ஆண்டுமுதல் 37,000 ரூபாய், அதற்குமுன் 31,000. அதுவும் மாதந்தோறும் வருவதில்லை என்று ஆய்வு மாணவர் பலமுறை முறையிட்டிருக்கின்றனர். இத்தகையோர் 2020 மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது விடுதிகளினின்றும் வெளியேறினர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்கள் அழிந்தன, களப்பணி நின்றது, உதவித்தொகையின் நாட்களோ நிற்கவில்லை. அவ்வேளையிலும், நாட்டின் பல நிறுவனங்களைச் சேர்ந்த அறிவியலார் சம்பளமின்றிக் கூடி, இந்திய அறிவியலாரின் கொரோனா எதிர்வினை என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு குழு அமைத்தனர். நோயின் பரவலைக் கணக்கிட்டதோடு, வதந்திகளுக்கு மறுப்பெழுதி இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிட்டனர். ஊர்தோறும் நோயுற்றோர் எண்ணிக்கையைத் திரட்டித் தந்த மற்றொரு தன்னார்வக் குழுவின் தளம் 2021 அக்டோபர் 31ஆம் நாளோடு தன் பணியை முடித்துக்கொண்டது. அதுவரை அரசின் அறிக்கைகளினின்று அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்தெழுதிய எண்களையே ஆராய்ச்சியாளரும் செய்தியாளரும் நம்பியிருந்தனர். இவர்தம் உழைப்பு எந்த வேலை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதப்படும்? இந்திய மொழியொன்றில் எழுதிய அறிவியற் குறிப்பிற்கு ஆராய்ச்சி ஏட்டில் மதிப்பெண் இல்லை என்பது தமிழ் மாணவராகிய எம்மைத் தனியே உறுத்துகின்றது. கொரோனாவைப் பற்றிய செய்தி ஆங்கிலத்தில் மட்டும் திறந்து கிடக்குமாயின், அது நம் பாட்டியார்க்குப் பூட்டியே கிடந்ததற்கு ஒப்பு.

நிலைபெற்ற தலைவர்க்கே பகிர்வு இடர் தந்த கதையை இளைஞர் அறிவர். இவ்வைரசின் முதல் மரபணு வரிசையை 2020 சனவரி 11ஆம் நாள் உலகறியச் செய்தவர் ஷாங்காய் நகரத்துச் சாங் யோங்சென் என்னும் அறிஞர். ஆஸ்திரேலிய நாட்டிலிருந்த தோழர் எட்வர்டு ஹோம்ஸ் வாயிலாக அது வெளியிடப்பட்டது. அவ்வரிசையைக் கொண்டு செய்த தடுப்பூசி மார்ச்சு 16ஆம் நாளிலேயே சோதனைக்காக முதல் மனிதர்க்கு இடப்பட்டது. வரிசை வெளிவந்த மறுநாளோ, அவ்வறிஞரின் ஆய்வுக்கூடம் திருத்தத்திற்கென்று மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் தம் கூடத்தினின்றும் வெளியேற்றப்படுவதனை எதிர்த்து அவர் அதன் வாயிலில் அமர்ந்திருந்த படத்தைச் செய்தித்தாள்களில் கண்டோம். பாதுகாப்பின் பொருட்டே மூடினோம் என்று நிறுவனத்தார் கூறினர். 2021 நவம்பர் 25ஆம் நாள் ஓமிக்ரான் என்னும் வகையை உலகிற்கு அறிவித்த தென்னாப்பிரிக்க ஆய்வாளர்க்குக் கிடைத்தது யாது? ஓரிரு நாட்களுக்குள் பல நாடுகள் அந்நாட்டு விமானங்களுக்கு வாயிலை அடைத்தன. முதலிற் சொன்னவனே குற்றவாளி என்னும் நீதி உலகில் புதிதன்று.

தொற்று தணிந்தபின் நிலை எவ்வாறாயிற்று? 2020 சனவரி 31ஆம் நாள் உலகின் பெரிய ஆராய்ச்சி இதழ்களும் நிதி நிறுவனங்களும் கூடி, கொரோனாவைப் பற்றிய கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்வோம் என்று உறுதி கூறின. நல்ல உறுதியே. ஆயின், தொற்று நீடிக்குமளவேனும் என்னும் சொற்கள் அதனுள் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்த நாள் 2023 மே 5. காசநோயைப் பற்றியும் மலேரியாவைப் பற்றியும் எழுதப்படும் கட்டுரைகளுக்கு அத்தகைய உறுதியை எவரும் தொடக்கத்திலேயே தரவில்லை. அவை பணக்கார நாடுகளின் வாயிலைத் தட்டாத நோய்களாயிற்றே!

இப்பொழுது திறப்பிற்கும் விலை வைத்திருக்கின்றனர். புகழ்பெற்ற நேச்சர் இதழில் ஒரு கட்டுரையை எவரும் படிக்குமாறு வெளியிட எழுதுவோர் செலுத்தவேண்டிய கட்டணம் 2021ஆம் ஆண்டில் 9,500 யூரோ என்று வகுக்கப்பட்டது. அது 8 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. மேலே கூறிய இளநிலை ஆய்வாளர் உண்ணாது உடுக்காது ஏறத்தாழ ஈராண்டு சேர்த்தால் வரும் பணம். சிலர்க்கு விலக்குண்டு, சிலர்க்கு அவர் நிறுவனமே செலுத்தும், ஏனையோர் செய்வது யாது? முன்னச்சை வெளியிடுவதற்கோ எழுதுவோர்க்குச் செலவொன்றுமில்லை. இந்திய அரசு 2024 நவம்பர் 25ஆம் நாள் ஒரு நாடு ஒரு சந்தா என்னும் திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களிலுள்ளோர் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்கலாம். படிக்க வழி பிறந்தது குறித்து மகிழ்கின்றோம். எனினும், அத்துணைப் பெருந்தொகை பிறர் பூட்டிற்குத் திறவுகோல் வாங்கச் செல்கின்றது. பூட்டாமல் வைப்போர்க்குக் கிடைப்பது சிறு பங்கே.

செய்யத்தக்கது செயற்கரியதன்று என்று எண்ணுகின்றோம். உ. வே. சாமிநாதையரவர்கள் தம் பதிப்புக்களின் முகவுரைகளில் ஏட்டுச்சுவடி உதவினோர் பெயரையும் ஊரையும் எழுதி வைத்தார்கள். சுவடி தந்தவர் உரை எழுதியவரல்லர். ஆயினும் அவர் தந்திராவிடின் நூல் இல்லை என்பதனை ஐயரவர்கள் அறிந்திருந்தார்கள். ஆராய்ச்சி இதழ்கள் சிலவும் இக்காலத்தில், ஒவ்வொரு கட்டுரையிலும் யார் யார் எதனைச் செய்தார் என்று 14 வகையாகப் பிரித்து எழுதச் சொல்லுகின்றன. எண் திரட்டியவர், நிரல் எழுதியவர், கருத்துத் தந்தவர் என்று தனித்தனியே குறிக்கப்படுகின்றது. இதழின் புகழைக் கொண்டு ஆராய்ச்சியாளரை அளத்தலாகாது என்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்த சான்பிரான்சிஸ்கோ அறிவிப்பில் எத்தனையோ நிறுவனங்கள் கையெழுத்திட்டுள்ளன. கையெழுத்து இட்டாயிற்று, தேர்வு நாளில் பழைய எண்ணிக்கையே நடக்கின்றது. கட்டுரைகளை எண்ணுவதற்கு அரை நிமிடம் போதும், படிப்பதற்கு அரை நாள் வேண்டும் என்பது அதற்குக் காரணம் போலும்.

நம் கல்லூரிப் பழைய மாணவருட் பல்கலைக்கழகத் தேர்வுக் குழுக்களிலும் நிதி வழங்கும் குழுக்களிலும் அமர்வோர் உளராயின், அவர்கட்கு எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. இனி இளைஞர் ஒருவர் முன்னே வந்து நிற்கும்போது, எவ்விதழில் எழுதினீர் என்று வினவியபின், நீர் திறந்து வைத்தவற்றுட் பிறர் எடுத்தாண்டது யாது என்றும் வினவுக. எண் தொகுதியையோ, நிரலையோ, ஒரு மதிப்பீட்டையோ, தமிழில் எழுதிய சிறு குறிப்பையோ அவர் காட்டுவாராயின், அதனை அவ்விடத்தேயே திறந்து படித்துப் பார்த்து, மதிப்பெண் தாளில் அதற்கென ஒரு கட்டம் வரைந்து எழுதுக.